விளக்குக்குப் பின்னால் ஒரு வீடு

கானாடுகாத்தானில் என் ஆயா வீட்டு மொட்டைமாடி தட்டோடு பதித்தது. மாசி வெயிலைப் பகல் முழுக்கக் குடித்துவிட்டு, ராத்திரி பத்து மணி வரைக்கும் அதைத் திருப்பிக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்த மாடியில்தான் ஆறு அங்குலத் தொலைநோக்கியை முதன்முதலாக வைத்து வியாழனைப் பார்த்தேன். குறுக்கே பட்டைகள் தெரியும், பக்கத்தில் நான்கு நிலவுகள் தெரியும் என்று படித்திருந்தேன். நிலவுகள் தெரிந்தன. வியாழனோ கொதிக்கிற உலைத் தண்ணீருக்கு அடியில் போட்ட காசு மாதிரி நெளிந்துகொண்டிருந்தது.

கண்ணாடி சரியில்லை என்று, விற்றவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். படியேறி வந்த ஆயா ஒரு தடவை குனிந்து பார்த்தார்கள். "ஏம்ப்பா, என்ன இது, தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரி ஆடுது?" என்றார்கள்.

அதுதான் சரியான விடை என்று எனக்கு உறைக்க ரொம்ப நாளாயிற்று. நாம் எல்லோருமே ஓர் ஊருணியின் அடியில் உட்கார்ந்துதான் வானத்தைப் பார்க்கிறோம். மேலே நிற்பது தண்ணீர் இல்லை, காற்று, அவ்வளவுதான் வித்தியாசம். மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு, மாடி நன்றாக ஆறிய பிறகு பார்த்தபோது நெளிவு பாதியாகக் குறைந்திருந்தது. கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை.

இந்த நெளிவை அடக்குவதற்கு வானியலாளர்கள் கண்டுபிடித்த வித்தைக்குப் பெயர் அடாப்டிவ் ஆப்டிக்ஸ். தமிழில் தகவமை ஒளியியல் என்கிறார்கள். அதை வைத்துச் செய்கிற வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்: நடுவில் கண் கூசும் வெளிச்சத்தை வைத்திருக்கும் கேலக்ஸிகளை, அந்த வெளிச்சத்தையும் மீறிப் பார்ப்பது எப்படி?

முதலில் காற்று. மத்தியானம் காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போனால், தூரத்தில் தார் ரோட்டின் மேல் தண்ணீர் நிற்பது போலத் தெரியும். கிட்டப் போனால் இருக்காது. ரோட்டை ஒட்டிய சூடான காற்று லேசானது. அதற்கு மேலே இருப்பது அடர்த்தி கூடியது. அடர்த்தி மாறுகிற இடத்தில் ஒளி சற்றே வளையும். ரோட்டில் ஒரே அடுக்காக நடக்கும் இந்த வேலை, வானத்தில் ஆயிரக்கணக்கான சிறு சிறு பொட்டலங்களாக நடக்கிறது. சூடும் குளிர்ச்சியும் கலந்த காற்றுப் பொட்டலங்கள், காற்றடிக்கும் திசையில் நம் தலைக்கு மேலே ஓடிக்கொண்டே இருக்கின்றன. நட்சத்திரம் மினுக்குவது இதனால்தான்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு அடுத்ததைச் சொல்வது சுலபம். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் கரைசலை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்கள். காய்ந்த பிறகு கண்ணாடியை எடுத்தால் அதன் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்திருக்கும். மெருகு ஏற்றுகிற வேலையே கிடையாது. தொலைதூர நட்சத்திரத்தின் ஒளியலை நம்மை நோக்கி வரும்போது, அதன் முன்பக்கம் அப்படித்தான் மட்டமாக, வழவழவென்று இருக்கும். அதை அலைமுகம் என்பார்கள். ஆண்டுக்கணக்கில் கசங்காமல் வந்த அந்த அலைமுகம், கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில், நம் காற்றுக்குள் நுழைந்ததும் கசங்கிவிடுகிறது. பெரிய தொலைநோக்கி ஒன்றின் அகலம் முழுக்க எடுத்துக்கொண்டாலும் கசங்கல் சில மைக்ரோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அது போதும், படத்தைக் கெடுக்க.

எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஓர் அளவு வேண்டும். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குப் பாகை, கலை, விகலை தெரிந்திருக்கும். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. முழு நிலவின் அகலம் அரைப் பாகை, அதாவது சுமார் 1,800 விகலை. இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள காசை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் பிடித்தால் அது நம் கண்ணுக்குக் காட்டும் அகலம் ஒரு விகலை. சாதாரண இடத்தில் காற்று, ஒரு நட்சத்திரப் புள்ளியை ஒன்றிரண்டு விகலை அகலத்துக்கு அப்பிவிடும். ஹவாய்த் தீவின் மௌனா கியா, சிலி நாட்டின் பரனால் மாதிரி உயரமான, காய்ந்த மலையுச்சிகளில்கூட அரை விகலைக்குக் கீழே போவது அதிர்ஷ்டமான ராத்திரிகளில்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மௌனா கியாவில் இருக்கும் கெக் தொலைநோக்கியின் கண்ணாடி 10 மீட்டர் அகலம். கோட்பாட்டின்படி அது ஒரு விகலையில் நூறில் ஒரு பங்கு நுணுக்கத்தைக் காட்ட வேண்டும். காற்றைச் சரிசெய்யாமல் பார்த்தால், கூர்மையில் அது என் ஆறு அங்குலத்தைவிடப் பெரிதாக ஒன்றும் உசத்தி இல்லை. ஒளியை மட்டும் ஆயிரக்கணக்கான மடங்கு கூடுதலாக வாரிக்கொள்ளும். இத்தனை கோடி செலவழித்துக் கட்டிவிட்டு, கூர்மைக்கு மொட்டைமாடித் தொலைநோக்கியோடு மல்லுக்கட்டுவது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இனி கேலக்ஸிகள் பக்கம் வருவோம். ஏறக்குறைய எல்லாப் பெரிய கேலக்ஸிகளின் நடுவிலும் ஒரு பெருங்கருந்துளை உண்டு. சூரியனைப் போல லட்சக்கணக்கில் தொடங்கி, சில இடங்களில் நூறு கோடி மடங்குக்கும் மேல் கனம். நம் பால்வீதியின் நடுவில் இருப்பது சுமார் 40 லட்சம் சூரியன் எடை. அது இப்போது சாப்பிடாமல் சும்மா இருக்கிறது. சில கேலக்ஸிகளில் கருந்துளைக்குள் வாயு வந்து விழுந்துகொண்டே இருக்கும். நேராக விழாது, குளியலறைத் துவாரத்தில் தண்ணீர் சுழல்வது போலச் சுழன்று, தட்டு மாதிரிப் பரவி, உரசிச் சூடேறி, உள்ளே போவதற்கு முன் பயங்கரமாக ஒளிரும். சூரியனுக்குள் ஹைட்ரஜன் எரியும்போது அதன் எடையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாக மாறுகிறது. கருந்துளையைச் சுற்றி விழும் பொருளில் சுமார் 10 சதவீதம் மாறிவிடும். அதனால்தான், ஏறக்குறைய நம் சூரியக் குடும்பத்தின் அளவேயான ஓர் இடம், கோடானுகோடி நட்சத்திரங்கள் கொண்ட முழுக் கேலக்ஸியையும் மிஞ்சி எரிகிறது. இதைச் செயல்மிகு கரு என்கிறோம்.

1943-இல் கார்ல் சேஃபர்ட் இப்படிக் கரு பளிச்சிடும் சில கேலக்ஸிகளைப் பட்டியலிட்டார். அவற்றில் கேலக்ஸியும் தெரியும், கருவும் தெரியும். 1963-இல் வந்த செய்திதான் எல்லோரையும் உலுக்கியது. 3சி 273 என்று பெயரிட்ட, பார்க்கச் சாதாரண நட்சத்திரம் போலிருந்த ஒரு புள்ளியின் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்ததை, மார்ட்டன் ஷ்மிட் ஆராய்ந்தார். அது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பது தெரிந்தது. அத்தனை தூரத்திலிருந்து நட்சத்திரம் மாதிரி தெரிகிறதென்றால் அது எவ்வளவு பிரகாசமாக இருக்க வேண்டும்! குவேசார் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. நட்சத்திரம் போன்றது என்பதே அதன் பொருள்.

அப்படியானால் அதன் கேலக்ஸி எங்கே?

செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்கள், அதற்குப் பின்னால் கட்டு கட்டாக அறைகள். ராத்திரி அந்த முற்றத்தின் நடுவில் ஆயிரம் பெட்ரோமாக்ஸை ஒன்றாகக் கட்டி ஏற்றிவிட்டு, ஐந்து மைல் தள்ளி நின்று பார்த்தால் என்ன தெரியும்? விளக்கு தெரியும். தூண் தெரியாது, அறை தெரியாது, வீடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. வானியலாளர்கள் ஹோஸ்ட் கேலக்ஸி என்பதை நான் வீடு என்றே சொல்லிவிடுகிறேன்; இங்கே அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டைப் பார்ப்பதில் ஏன் இவ்வளவு அக்கறை? 2000-ஆம் ஆண்டு வாக்கில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒன்றைக் காட்டின: கேலக்ஸியின் நடுப்புடைப்பில் நட்சத்திரங்கள் எவ்வளவு வேகமாக அலைகின்றனவோ, அதற்கு ஏற்றாற்போலக் கருந்துளையும் கனமாக இருக்கிறது. கருந்துளையின் ஈர்ப்புப் பிடி கேலக்ஸியின் அளவோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்ன இடத்துக்குள் அடங்கிவிடும். தூரத்து நட்சத்திரங்களுக்கு அது இருப்பதே தெரியாது. இருந்தும் இரண்டும் சேர்ந்து வளர்ந்த மாதிரித்தான் கணக்கு வருகிறது. வீடு விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறதா, விளக்கின் சூடு வீட்டை மாற்றுகிறதா? இரண்டு கேலக்ஸிகள் மோதும்போதுதான் விளக்கு பற்றிக்கொள்கிறதா? இதற்கெல்லாம் பதில், விளக்கு எரியும்போதே வீட்டைப் பார்த்தால்தான் கிடைக்கும்.

அங்கேதான் காற்று குறுக்கே நிற்கிறது. 3சி 273-இன் தூரத்தில் ஒரு விகலை என்பது சுமார் 9,000 ஒளியாண்டு. கேலக்ஸியின் நடுப்பகுதி முழுவதும் இரண்டு மூன்று விகலைக்குள் முடிந்துவிடும். அதே இடத்தின் மேல்தான் காற்று கருவின் வெளிச்சத்தை அப்பி வைக்கிறது.

இதை நான் ஒருநாள் நேரிலேயே பார்த்தேன். ராத்திரி பைக்கில் வந்துகொண்டிருந்தேன். ஹெல்மெட் கண்ணாடி முழுக்கப் புழுதி. எதிரே வந்த பஸ்ஸின் ஹெட்லைட் அந்தப் புழுதியில் பட்டுக் கண்ணாடி முழுக்கப் பரவி, ரோடே வெள்ளையாகிவிட்டது. பயந்துபோய் ஓரங்கட்டி, துண்டால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். அடுத்து வந்த லாரியின் ஹெட்லைட்டும் அதே அளவு வெளிச்சம்தான். ஆனால் அது இரண்டு புள்ளிகளாக ஒடுங்கியிருந்தது. லாரியின் முகப்பு தெரிந்தது, நெற்றியில் எழுதியிருந்த பெயர் தெரிந்தது, உள்ளே கிளீனர் தூங்குவதுகூடத் தெரிந்தது. வெளிச்சம் குறையவில்லை, அது இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது; மற்ற இடமெல்லாம் விடுபட்டது. தகவமை ஒளியியல் கருவின் ஒளிக்குச் செய்வதும் அதேதான்.

எப்படி? யோசனை பழையது. காரைக்குடியில் சிக்ரி ஆய்வகம் திறக்கப்பட்ட அதே 1953-இல், ஹோரஸ் பாப்காக் என்ற அமெரிக்க வானியலாளர் எழுதிய கட்டுரையில் இது இருக்கிறது: காற்று அலைமுகத்தை எப்படிக் கசக்குகிறது என்று அளந்து, அதற்கு நேர் எதிராக ஒரு கண்ணாடியைக் கசக்கினால் அலைமுகம் மறுபடி மட்டமாகிவிடும். சட்டையில் விழுந்த சுருக்கத்தை இஸ்திரி போடுகிற மாதிரி. ஆனால் அன்றைக்கு அவ்வளவு வேகமான கணினியும் கிடையாது, அப்படி வளையும் கண்ணாடியும் கிடையாது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம் ரகசியமாக இதில் இறங்கியது. ஐரோப்பிய வானியலாளர்கள் 1989, 1990 வாக்கில் தாங்களாகவே செய்து காட்டினார்கள். 1991-இல் அமெரிக்கா தன் ரகசியத்தை அவிழ்த்தது.

கருவியில் மூன்று உறுப்புகள்: அளக்கும் கண், கணக்குப் போடும் மூளை, வளையும் கண்ணாடி. அளக்கும் கண்ணில் அதிகம் புழங்குவது ஷாக்-ஹார்ட்மன் என்ற வகை. பழைய ஓட்டு வீட்டில் கூரை இடுக்குகள் வழியாகத் தரையில் வெயில் வட்டங்கள் விழுந்திருக்குமே, அந்த மாதிரி. வரிசையாகப் பதித்த குட்டி லென்ஸுகள், வருகிற ஒளியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு புள்ளியாக விழ வைக்கும். அலைமுகம் மட்டமாக இருந்தால் புள்ளிகள் பூக்கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி வரிசை தப்பாமல் இருக்கும். ஓரிடத்தில் சாய்ந்திருந்தால் அந்த இடத்துப் புள்ளி மட்டும் நகர்ந்து விழும். எந்தப் புள்ளி எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் கசங்கலின் முழுப் படமும் கிடைத்துவிடும்.

வளையும் கண்ணாடி மெல்லியது. அதன் முதுகில் நூற்றுக்கணக்கான குட்டித் தள்ளுகோல்கள். மின்னழுத்தம் கொடுத்தால் மைக்ரோமீட்டர் கணக்கில் நீண்டு சுருங்கும். கெக் தொலைநோக்கியில் வைத்த கண்ணாடியில் இப்படி 349. அளப்பது, கணக்கிடுவது, தள்ளுவது எல்லாம் சேர்ந்து ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரம் தடவைக்கு மேல்கூட நடக்கும். ஏன் இவ்வளவு அவசரம் என்றால், மேலே காற்று நொடிக்குப் பத்து மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சாண் அளவுள்ள காற்றுப் பொட்டலம் கண் இமைப்பதற்குள் இடம் மாறிவிடும். அளந்து முடித்து யோசித்துக்கொண்டிருந்தால் அளந்த காற்று பக்கத்து ஊருக்குப் போயிருக்கும்.

ஒளி வளையும் கண்ணாடியில் பட்டுச் சரியான பிறகுதான் அளக்கும் கண்ணுக்கு வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்று எவ்வளவு கசக்கியது என்று அது முழுசாக அளப்பதில்லை. சரிசெய்த பிறகும் மிச்சம் என்ன என்று பார்த்து, அந்த மிச்சத்தை மட்டும் தட்டிக்கொண்டே இருக்கும். சைக்கிள் ஓட்டும்போது ஹேண்டில்பாரைச் சின்னச் சின்னதாக ஆட்டிக்கொண்டே போகிறோமே, அப்படி.

இதெல்லாம் நடக்க, அளப்பதற்கு ஓர் ஒளி வேண்டும். பார்க்க வேண்டிய பொருளுக்கு அரை கலைக்குள் பிரகாசமான நட்சத்திரம் ஒன்று இருந்தால் நல்லது. அதற்கு மேல் தள்ளிப்போனால் அதன் ஒளி வேறு காற்று வழியாக வருகிறது. பக்கத்து வீட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்ட கதையாகிவிடும். கேலக்ஸிகள் பக்கம் பார்த்தால் இப்படி வாகாக அமையும் நட்சத்திரம் ரொம்ப அரிது.

செயல்மிகு கருக்களின் விஷயத்தில் எனக்குப் பிடித்த திருப்பம் இங்கேதான் வருகிறது. எந்த வெளிச்சம் வீட்டை மறைக்கிறது என்று இவ்வளவு நேரம் குறைப்பட்டுக்கொண்டோமோ, அந்த வெளிச்சத்தையே வழிகாட்டி நட்சத்திரமாக வைத்துக்கொள்ளலாம். அது பொருளுக்குப் பக்கத்தில் இல்லை, பொருளுக்கு நடுவிலேயே இருக்கிறது. வீடு வரும் அதே காற்று வழியாக விளக்கும் வருகிறது. விளக்கின் ஒளியை அளந்து காற்றைச் சரிசெய்தால், விளக்கு ஒடுங்கும். ஒடுங்கினால் வீடு வெளியே வரும். ஹெட்லைட்டைப் பார்த்தே ஹெல்மெட்டைத் துடைக்கிற வித்தை.

எல்லாக் குவேசாருக்கும் இது கைகொடுக்காது. வானியலில் பிரகாசத்தைப் பருமன் என்ற எண்ணால் சொல்வார்கள்; எண் கூடினால் மங்கல். 3சி 273-இன் பிரகாசம் 13-ஆம் பருமனை ஒட்டி. குவேசார்களிலேயே அதுதான் நம் கண்ணுக்கு மிகப் பிரகாசமானது. பெரும்பாலானவை அதைவிட ரொம்ப மங்கல். ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் அளக்க வேண்டுமென்றால் அவ்வளவு ஒளி போதாது. கிட்ட இருக்கும் சேஃபர்ட் கேலக்ஸிகளில் பிரச்சினை வேறு மாதிரி: கரு புள்ளியாக இல்லாமல், சுற்றியிருக்கும் நட்சத்திரக் கூட்டத்தின் வெளிச்சத்தோடு கலந்து பஞ்சு மாதிரித் தெரியும். பஞ்சின் நடுவை எங்கே என்று அளப்பது?

அதற்குத்தான் லேசர். தரைக்கு மேலே சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில், எரிகற்கள் உதிர்த்துவிட்டுப்போன சோடியம் அணுக்கள் மெல்லிய அடுக்காக இருக்கின்றன. 589 நானோமீட்டர் மஞ்சள் லேசரை அங்கே பாய்ச்சினால் அவை ஒளிரும். எல்இடி வருவதற்கு முன் நம் தெருக்களில் எரிந்த மஞ்சள் விளக்கிலும் இதே சோடியம்தான். வேண்டிய இடத்தில் வேண்டிய நட்சத்திரத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம். பரனாலில் ஒரு தொலைநோக்கியில் 2016 முதல் நான்கு லேசர்கள் சேர்ந்து பாய்கின்றன. படத்தில் பார்த்தால் மஞ்சள் கம்பி நான்கை வானத்தில் நட்டுவைத்தது போலிருக்கும்.

லேசரிலும் ஓர் ஓட்டை உண்டு. போகும்போதும் திரும்பும்போதும் ஒரே காற்று வழி என்பதால், படம் மொத்தமாக இடம் வலமாக ஆடுவதை அதனால் கண்டுபிடிக்க முடியாது. அந்த ஆட்டத்தை மட்டும் பிடிக்க நிஜமான ஒளி ஒன்று வேண்டும். ஆனால் அது மங்கலாக இருந்தாலும் போதும். ஆகவே மறுபடி கருவிடமே போகிறார்கள். கசங்கலை லேசர் பார்த்துக்கொள்ளும், ஆட்டத்தைக் கரு பார்த்துக்கொள்ளும்.

இந்தப் படங்களைப் பெரும்பாலும் அகச்சிவப்பில், அதாவது சிவப்பையும் தாண்டிய, கண்ணுக்குத் தெரியாத ஒளியில் எடுப்பார்கள். அலைநீளம் கூடக்கூடக் காற்றின் கசக்கல் உறைப்பது குறையும், சரிசெய்வது சுலபம் என்பது ஒரு காரணம். இன்னொன்று இன்னும் அழகானது. குவேசாரின் கரு நீல ஒளியில் உக்கிரமாக எரியும். அலைநீளம் கூடக்கூட இறங்கி, ஒரு மைக்ரோமீட்டர் பக்கம் பள்ளத்துக்குப் போகும். பிறகு கருவைச் சுற்றி வெந்துகொண்டிருக்கும் தூசியின் வெளிச்சம் சேர்ந்து, இரண்டு மைக்ரோமீட்டருக்கு மேலே மறுபடி ஏறும். வீட்டில் இருக்கும் வயதான நட்சத்திரங்களோ சரியாக 1.6 மைக்ரோமீட்டரை ஒட்டித்தான் நன்றாக ஒளிரும். விளக்கு சற்றே தணிந்து, வீடு சற்றே வெளுத்து நிற்கும் அந்த இடைவெளியில்தான் எட்டிப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. கண்ணாடி வளைந்ததும் விளக்கு அப்படியே ஒரு புள்ளிக்குள் ஒடுங்கிவிடும் என்கிற மாதிரி எழுதிவிட்டேன். நிஜத்தில் ஒடுங்குவது ஒரு பங்குதான். நடுவில் கூர்மையான முள் ஒன்று நிற்கும். அதைச் சுற்றி, சரியாகாத மிச்சம் மங்கலான வட்டமாகப் பரவியிருக்கும். ஒளியில் பாதி முள்ளுக்குள் போனாலே நல்ல ராத்திரி என்பார்கள். அந்த மங்கல் வட்டம் பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? அசப்பில் ஒரு கேலக்ஸி மாதிரியே இருக்கும்!

இந்த இடத்தில் அனுபவசாலிகளே தடுமாறியிருக்கிறார்கள். காற்றே இல்லாத விண்வெளியில் இருக்கும் ஹபிள் தொலைநோக்கியை வைத்து 1990-களில் ஜான் பாக்கால் குழுவினர் 20 குவேசார்களைப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் சிலவற்றுக்கு எதிர்பார்த்த அளவு பிரகாசமான வீடே காணோம் என்று பெரிய பேச்சு எழுந்தது. கருவின் ஒளியை இன்னும் கவனமாகக் கழித்துப் பார்த்தபோது வீடுகள் மெல்லத் தென்பட்டன. எதைக் கழிக்கிறோம், எவ்வளவு கழிக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். கூடுதலாகக் கழித்தால் வீட்டையும் சேர்த்து இடித்துவிடுவோம். குறைவாகக் கழித்தால் இல்லாத வீட்டைக் கட்டிவிடுவோம்.

சரியாகக் கழிக்க, வெறும் புள்ளி ஒன்று அந்தக் கருவியில் அந்த நிமிடத்தில் எப்படிப் பரவித் தெரியும் என்று தெரிய வேண்டும். ஹபிளில் அது நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. தரையில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். குவேசாரைக் கொஞ்ச நேரம் பார்ப்பது, உடனே பக்கத்தில் அதே பிரகாசமுள்ள தனி நட்சத்திரம் ஒன்றைப் பார்ப்பது, மறுபடி குவேசார் என்று மாறி மாறி எடுப்பார்கள். நட்சத்திரத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்புகிற நேரத்தில் காற்று குணம் மாறிவிட்டால் எல்லாம் வீண். அந்த ராத்திரியில் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. படத்தில் ஒரு பொய் வளையம் மட்டும் தெரியும்.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. முதல் தடவை படித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன், அவ்வளவு சாமர்த்தியம். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக நிறமாலை எடுக்கும் கருவிகள் உண்டு. கருந்துளைக்கு மிக அருகில் சுற்றும் வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதனால் அதன் நிறமாலைக் கோடுகள் அகலமாக விரிந்திருக்கும். வீட்டில் இருக்கும் வாயு இவ்வளவு வேகம் போகாது; அதன் கோடுகள் ஒல்லி. எனவே படத்தில் எங்கெல்லாம் அகலக் கோடு தெரிகிறதோ, அங்கெல்லாம் வந்து விழுந்திருப்பது கருவின் ஒளி. நிஜத்தில் அது ஒரே புள்ளியிலிருந்து கிளம்பியது. பரவலாகத் தெரிகிறதென்றால் காற்றும் கருவியும் பரப்பிவிட்டன என்று அர்த்தம். அகலக் கோட்டின் வரைபடத்தைப் போட்டால், அந்த நிமிடத்தில் ஒரு புள்ளி எப்படிப் பரவியது என்பது அப்படியே கையில் கிடைக்கிறது. வேறு நட்சத்திரத்தைத் தேடிப் போக வேண்டாம். வழிகாட்டியும் அதுவே, ஆட்டம் பார்ப்பதும் அதுவே, கழிப்பதற்கு அளவுகோலும் அதுவே.

இப்படிப் பார்த்துக் கிடைத்தது என்ன? என்ஜிசி 6240 என்ற கேலக்ஸியை எடுத்துக்கொள்வோம். 30 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், இரண்டு கேலக்ஸிகள் மோதிக் கலந்துகொண்டிருக்கும் கலவரம் அது. நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி, அதற்குள் ஒன்றல்ல, இரண்டு செயல்மிகு கருக்கள் இருப்பதை 2002-இல் காட்டியது. இரண்டுக்கும் நடுவில் சுமார் 3,000 ஒளியாண்டு. தூசி அவ்வளவு அப்பியிருந்ததால் கருந்துளைகள் சரியாக எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பது புலப்படவில்லை. சோடியம் லேசர் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான கிளேர் மேக்ஸும் அவர் குழுவும் கெக்கின் தகவமை ஒளியியலைக் கொண்டு அகச்சிவப்பில் தூசிக்குள் நுழைந்து, சுற்றியிருக்கும் நட்சத்திரக் கூட்டங்களுக்கு நடுவே அந்த இடங்களைக் குறித்தார்கள். இரண்டு வீடு ஒரே மனையாகிக்கொண்டிருக்கும்போது உள்ளே இரண்டு விளக்கும் எரிவதைப் பார்த்த மாதிரி.

இன்னும் கிட்ட, சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தூரத்தில் மெசியே 77 என்ற கேலக்ஸி. அங்கே கருவுக்கு மிக அருகே, சில பத்து ஒளியாண்டு நெருக்கத்தில், வாயு ஓடைகள் உள்நோக்கி விழுவதைப் பரனாலின் சின்ஃபோனி என்ற கருவி காட்டியது. விளக்குக்கு எண்ணெய் எந்த வழியாக வருகிறது என்பதற்கு இவ்வளவு கிட்டத்தில் சாட்சி கிடைப்பது அபூர்வம். குவேசார்களில் எடுத்த படங்களில் சில வீடுகள் அமைதியான நீள்வட்டம், சில சுருள், இன்னும் சில மோதிக் குலைந்து வால் நீட்டியவை. மோதலால்தான் விளக்கு எரிகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாதபடி, சாந்தமான வீட்டிலும் விளக்கு எரிகிறது. எனக்கு இது ஆறுதலாகவே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்லும் விளக்கங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு.

ஹபிள்தான் காற்றுக்கு மேலே இருக்கிறதே, தரையில் இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அதன் கண்ணாடி 2.4 மீட்டர். அதே அகச்சிவப்பில், காற்றைச் சரிசெய்த 10 மீட்டர் கண்ணாடி அதைவிட நான்கு மடங்கு கூர்மை. சிலியில் கட்டிவரும் ஐரோப்பியத் தொலைநோக்கி 39 மீட்டர். வளையும் கண்ணாடி அதன் உடம்பிலேயே ஓர் உறுப்பு, முதுகில் 5,000-க்கும் மேல் தள்ளுகோல்கள். இந்தியா பங்கேற்கும் 30 மீட்டர்த் தொலைநோக்கித் திட்டமும் தகவமை ஒளியியலை நம்பித்தான் போடப்பட்டது.

வீட்டு மாடியிலிருந்து இதில் எதையாவது பார்க்க முடியுமா என்று கேட்டால், முடியும். மெசியே 77-ஐ ஆறு அங்குலத்தில் பார்க்கலாம். கார்த்திகை, மார்கழியில், ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு, சீட்டஸ் என்ற திமிங்கில விண்மீன்குழுவில் டெல்டா நட்சத்திரத்தைப் பிடித்து, ஒரு பாகைக்கும் குறைவாக நகர்த்தினால் போதும். தெருவிளக்கு படாத இடமாக, முடிந்தால் ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டோட்டு மாடி என்றால் நன்றாக ஆறவிடுங்கள்.

போன மார்கழியில் ஆயாவுக்கு அதைக் காட்டினேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு ரொம்ப நேரம் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "புகை மாதிரி ஒண்ணு, நடுவுல பொட்டு வச்ச மாதிரி இருக்கு" என்றார்கள்.

"புகைதான் ஆயா வீடு. பொட்டுதான் விளக்கு" என்றேன்.

"இத்தனூண்டு பொட்டா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி குனிந்தார்கள்.